இக்காரியாத் தீவின் வெந்நீர் ஊற்றுகள்: இறங்குமுன் உங்கள் கால்களைச் சோதியுங்கள்



நமது சங்கத்தின் மூத்தோர் வட்டத்தினர் அடுத்த ஆண்டு கிரேக்கத் தீவொன்றுக்குச் சுற்றுலா போக எண்ணியிருக்கிறார்கள். அங்கேயுள்ள வெந்நீர் ஊற்றுகளில் நீராடினால் முழங்கால் நோ குறையும் என்று கேள்விப்பட்டதிலிருந்து என்னை எங்கு கண்டாலும் கேள்விகள்தான். "உண்மையாவே சுகம் வருமோ டொக்டர்?" "பிரஷர் உள்ள ஆக்கள் இறங்கலாமோ?" "அந்தக் கிழமை மட்டும் குளிசையை விட்டால் என்ன?" இவை மண்டப வாசலில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. ஆகவே இந்த இதழின் ஆரோக்கியப் பகுதியை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு செப்ரெம்பர் மாதம் நானும் மனைவியும் அக்காவும் அத்தானும் இக்காரியாத் தீவுக்குப் போய்வந்தோம். நல்ல பயணம். ஆனால் அங்கே ஒரு தவறும் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இக்காரியா எங்கே இருக்கிறது?

கிரேக்கத்தின் கிழக்கே, ஈஜியன் கடலில், சாமோஸ் தீவுக்கு அருகே உள்ள மலைப்பாங்கான தீவு இது. கிரேக்கப் புராணத்தில், மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு சூரியனுக்கு மிக அருகே பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த இக்காரஸ் என்ற இளைஞனின் பெயரே தீவுக்கு வந்தது என்பார்கள். ஏதென்ஸ் நகரின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் போகலாம். தீவில் சிறிய விமான நிலையமும் உண்டு. 1940களின் பிற்பகுதியில், கிரேக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், அரசுக்கு எதிரானவர்கள் என்று கருதப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இங்கே நாடுகடத்தி வைக்கப்பட்டார்கள். இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடொராக்கிஸும் அவர்களில் ஒருவர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்மக்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட கதைகளை அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1990இல் திருகோணமலையை விட்டு வெளியேறிய எனக்கு அவற்றைக் கேட்க இதமாக இருந்தது.

தீவின் தலைநகர் அயியோஸ் கிரிக்கோஸ். அதற்கு அருகே கடலோரமாகத் தேர்மா என்ற சிற்றூர் இருக்கிறது. தேர்மா என்றால் வெப்பம். நமது வீட்டுத் தேர்மோஸ் போத்தலும் தேர்மோமீற்றரும் இதே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள்தான். பண்டைக் காலம் முதலே நோயாளர் இங்கு நீராட வந்திருக்கிறார்கள். இன்று குளியல் மண்டபங்களும், குகை ஒன்றின் உள்ளே வெந்நீரும் ஆவியும் நிறைந்த இயற்கைக் குளியலறையும் உள்ளன. அயியோஸ் கிரிக்கோஸுக்கு மறுபக்கம், லெப்காடா என்ற கரையில், ஊற்று கடலுக்குள்ளேயே வெளிவருகிறது. கற்களை வட்டமாக அடுக்கி, சூடான ஊற்றுநீரும் குளிர்ந்த கடல்நீரும் கலக்கும்படி செய்திருக்கிறார்கள். (இதே பெயரில் கிரேக்கத்தின் மேற்கே ஒரு தனித் தீவும் உண்டு. பயணச்சீட்டு எடுப்பவர்கள் குழம்பவேண்டாம்.)

கன்னியாவும் தேர்மாவும்

திருகோணமலைக்காரர்களுக்கு வெந்நீர் ஊற்று புதியதல்ல. கன்னியாவின் ஏழு கிணறுகளையும் நாம் அறிவோம். ஆனால் கன்னியாவில் நாம் என்ன செய்வோம்? வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவோம். ஊற்றும்போதே நீர் ஆறிவிடும். உடம்பில் பட்டு வழிந்தோடிவிடும். நின்றபடி குளிப்பதால், சூடு கூடினால் உடனே விலகிவிடலாம். தேர்மாவில் அப்படியல்ல. கழுத்துவரை நீருக்குள் அமர்ந்திருப்பார்கள். அள்ளி ஊற்றுவது வேறு, அமிழ்ந்திருப்பது வேறு. "நாங்கள் கன்னியாவில் குளிக்காத வெந்நீரோ?" என்று சொல்லிக்கொண்டு இறங்குபவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அமிழ்ந்திருக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

கழுத்துவரை நீரில் இருக்கும்போது நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. அரை லீற்றருக்கும் அதிகமான குருதி இவ்வாறு மேலே வருகிறது. இதயத்துக்கு அது கூடுதல் வேலை. அதே நேரம் சூட்டினால் தோலின் குருதிக் குழாய்கள் விரிகின்றன. குருதி அமுக்கம் குறைகிறது. நாடித் துடிப்பு கூடுகிறது. வியர்வை போவது நீருக்குள் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. உடலின் நீர்ச்சத்து சத்தமில்லாமல் குறைகிறது.

இந்த நிலையில் ஒருவர் திடீரென எழுந்து நின்றால், மேலே தள்ளிய நீரழுத்தம் நீங்கிவிடும். குருதி கால்களுக்கு இறங்கும். மூளைக்குப் போகும் குருதி சில கணம் குறையும். தலைசுற்றும், கண் இருட்டும், சிலர் விழுவார்கள். ஈரமான கல்லில் விழும் எழுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது சிறிய விடயமல்ல. ஆரோக்கியமானவருக்கு இவை எல்லாம் சமாளிக்கக்கூடிய மாற்றங்களே. ஆனால் நம்மில் ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனை பேர் குளிசை எதுவும் எடுக்காதவர்கள்?

மூட்டு நோ குறையுமா?

குறையலாம். வெதுவெதுப்பான நீரில் உடலின் பாரம் குறைவதால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது; தசைகள் தளர்கின்றன. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு உள்ளவர்கள் நீருக்குள் செய்யும் உடற்பயிற்சி பற்றி 2016இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நோவும் இயலாமையும் சிறிதளவு, குறுகிய காலத்துக்குக் குறைகின்றன என்று கண்டது. ஆக, இது பொய்யல்ல, அற்புதமும் அல்ல. தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்து வராது. நீரிழிவு மாறாது. குருதி அமுக்கக் குளிசையை நிறுத்த எந்த ஊற்றும் அனுமதி தராது.

இன்னொன்று. நோவைக் குறைப்பதில் பெரும்பங்கு வெதுவெதுப்புக்கும் அசைவுக்கும் உரியது. அவை இரண்டும் உங்கள் ஊர் நீச்சல் தடாகத்திலும் கிடைக்கும். வருடத்தில் ஒரு கிழமை தேர்மாவில் இருப்பதைவிட, கிழமைக்கு இரண்டு நாள் தடாகத்தில் நடப்பது முழங்காலுக்கு அதிக நன்மை தரும்.

இக்காரியா மக்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்பதும் நீங்கள் கேள்விப்பட்டதே. உலகின் ஐந்து 'நீல வலயங்களில்' ஒன்றாக அது பிரபலமாகியது. இத்தகைய இடங்களில் வயதுப் பதிவுகள் சரியானவைதானா என்ற கேள்வியை எழுப்பிய ஆய்வாளர் ஒருவருக்கு 2024இல் நகைச்சுவையான 'இக் நோபல்' பரிசு வழங்கப்பட்டது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், நான் கண்ட முதியவர்கள் அவரையும் கீரையும் ஒலிவ் எண்ணெயும் உண்டு, மேடுபள்ளங்களில் நடந்து, மத்தியானம் சற்று உறங்கி, மாலையில் அயலவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நீண்ட ஆயுளின் காரணத்தை ஊற்றுநீருக்குள் மட்டும் தேடவேண்டாம்.

ரேடன் வாயு ஆபத்தா?

இக்காரியாவின் ஊற்றுகள் கதிரியக்கம் உள்ளவை. நிலத்தடிப் பாறைகளில் இயற்கையாகவே உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அது ரேடன் என்ற நிறமற்ற, மணமற்ற வாயுவாகிறது. ஆழத்திலிருந்து சூடேறி வரும் நீர் அதையும் சுமந்து வருகிறது. 'கதிரியக்க நீர்' என்பதை அங்கே சிறப்பாகச் சொல்கிறார்கள். ஆனால் வீடுகளுக்குள் தேங்கும் ரேடன், புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? அளவும் காலமும்தான் விடை. பல ஆண்டுகள் மூடிய வீட்டில் சுவாசிப்பது வேறு. விடுமுறையில் சில தடவை பதினைந்து நிமிடம் நீராடுவது வேறு. ஆகவே பயப்படத் தேவையில்லை. ஆனாலும் மூடிய குகையில் மணிக்கணக்கில் இருக்கவேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. நீரைக் குடிக்கவும் வேண்டாம். வெந்நீரும் உலோகங்களும் உள்ள நிலத்திலிருந்து வரும் நீர் குடிக்க உகந்ததல்ல என்று, இப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க மருத்துவ நூலே எச்சரிக்கிறது.

அத்தானின் கால்

அத்தானுக்கு அறுபத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக நீரிழிவு. முழங்கால் நோவுக்காகவே ஆசையோடு வந்தவர். மூன்றாம் நாள் காலை லெப்காடாவுக்குப் போனோம். நானும் மனைவியும் அக்காவும் கடல்நீர் கலக்கும் பக்கத்தில் இறங்கினோம். அத்தான் உள்பக்கமாக, ஊற்று வெளிவரும் பாறைப் பிளவுக்கு அருகே ஒரு கல்லில் அமர்ந்து இரு கால்களையும் கீழே விட்டுக்கொண்டார். கால் மணிநேரம் ஊர்க்கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா தற்செயலாக அந்தப் பக்கம் வந்து நீரில் கைவைத்தவர், "ஐயோ, இது கொதிக்குது! காலை எடுங்கோ!" என்று கத்தினார்.

எடுத்த வலது காலின் பெருவிரலிலும் உள்ளங்காலிலும் தோல் வெளுத்து, கொப்புளம் எழும்பியிருந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை தம்பி. இளஞ்சூடாத்தான் இருந்தது" என்றார்.

அன்று ஊர் வைத்தியசாலையில் அன்போடு கவனித்தார்கள். திரும்பி வந்தபின் பாத மருத்துவப் பிரிவுக்குப் பதினொரு கிழமை நடந்தோம். விரல் தப்பியது. நீரிழிவு உள்ளவரின் காலில் எரிகாயம் ஆற மறுத்து, கிருமி தொற்றி, விரலையோ பாதத்தையோ எடுக்கவேண்டி வந்த நோயாளரை நான் கண்டிருக்கிறேன். அதனால் அந்தப் பதினொரு கிழமையும் எனக்குச் சரியான உறக்கமில்லை.

பிறகுதான் தெரிந்தது, வருடாந்தப் பாதப் பரிசோதனைக்கு வந்த அழைப்புக் கடிதங்களை அத்தான் இரண்டு வருடமாக மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார் என்று. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு நாளில் எத்தனையோ நோயாளரிடம் சப்பாத்தைக் கழற்றச் சொல்லும் நான், ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்து சாப்பிடும் அத்தானிடம் ஒருமுறைகூடக் காலைக் காட்டச் சொன்னதில்லை. மூத்தவர், மரியாதை, கூச்சம் என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய விரல் தொடும் சோதனை

நீண்டகால நீரிழிவு, பாதத்தின் நரம்புகளைப் பாதித்து உணர்ச்சியைக் குறைக்கிறது. தெற்காசியர்களான நமக்கு நீரிழிவு இளம் வயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருவதால் நரம்பு பாதிக்கப்படுவதற்கான காலமும் நீள்கிறது. உணர்ச்சி குறைந்ததை நோயாளர் பெரும்பாலும் தாமாக அறிவதில்லை. அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இங்கிலாந்தின் இப்சுவிச் நகர மருத்துவமனையில் உருவானது. கருவி எதுவும் வேண்டாம்.

1. சோதிக்கப்படுபவர் காலுறையைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடுவதை உணர்ந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லவேண்டும்.

2. மற்றவர் தமது சுட்டுவிரல் நுனியால் கால்விரல் நுனியை மிக மெதுவாக ஓரிரு வினாடிகள் தொடவேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. ஒரு விரலை ஒருமுறை மட்டுமே தொடவேண்டும்.

3. வரிசை: வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல்.

ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால், பாத உணர்ச்சி குறைந்திருக்கலாம். உங்கள் வைத்தியரிடமோ தாதியிடமோ சென்று முழுமையான பரிசோதனை செய்யுங்கள். அப்படிப்பட்டவர் வெந்நீர் ஊற்றில் கால் வைக்கவே வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆறும் சரியாக வந்தாலும் ஒரு எச்சரிக்கை: தொடுகையை உணரும் நரம்பும் சூட்டை உணரும் நரம்பும் வேறு வேறு. ஆகவே நீரிழிவு உள்ள எவரும் நீரின் சூட்டைக் காலால் சோதிக்கக்கூடாது.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க

குருதி அமுக்கக் குளிசை, சிறுநீர் போகச் செய்யும் குளிசை, ஆண்களின் புரொஸ்டேற் சுரப்பிக்கான ரம்சுலோசின் போன்றவை, நெஞ்சுநோவுக்கான நைத்திரேற்று மருந்துகள்: இவை சூட்டோடு சேர்ந்து குருதி அமுக்கத்தை மேலும் இறக்கும். எழும்பும்போது மயக்கம் வரலாம்.

இன்சுலின்: சூட்டில் தோலின் குருதியோட்டம் கூடுவதால் ஊசி போட்ட இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். சீனி திடீரென இறங்கலாம். ஊசி போட்ட உடனே இறங்கவேண்டாம். இறங்குமுன் சீனியைப் பாருங்கள். இனிப்பான பானம் அருகில் இருக்கட்டும். இன்சுலின் பம்பை வெந்நீருக்குள் கொண்டுபோகக் கூடாது.

டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின்: இவை சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றுபவை. இவற்றை எடுப்பவர்களின் உடல் வறண்டால் ஆபத்தான கீற்றோன் நிலை வரக்கூடும். நீர் அருந்துவதில் அலட்சியம் வேண்டாம்.

தோலில் ஒட்டும் நோவு மருந்துகள்: பென்ரனில், புப்பிரெனோர்பின் போன்ற ஒட்டுகள் உள்ளவர்கள் வெந்நீரில் இறங்கவே கூடாது. சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடலுக்குள் போய், மூச்சையே மந்தமாக்கலாம்.

எந்த மருந்தையும் ஊற்றுக்காக நீங்களாகவே நிறுத்தவேண்டாம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

யார் இறங்கக்கூடாது?

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சுநோவு உள்ளவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத குருதி அமுக்கம் உள்ளவர்கள், அண்மையில் காலில் குருதி உறைந்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், அடிக்கடி வலிப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள். இவர்கள் கரையில் இருந்து கடலைப் பார்த்தாலே போதும். அந்தக் காட்சியும் மனதுக்கு மருந்துதான்.

இறங்கும் முறை

• குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயன்படுத்தும் நீர் வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோங்கள். 38 பாகை செல்சியஸ் அளவு போதும். 40க்கு மேல் வேண்டாம். சுமார் 50 பாகை நீர் சில நிமிடங்களிலும், 60 பாகை நீர் சில வினாடிகளிலும் தோலைச் சுட்டுவிடும். இக்காரியாவின் சில ஊற்றுகள் வெளிவரும் இடத்தில் 50 பாகைக்கும் மேல்.

• திறந்த கரையில் ஒரே குளத்துக்குள்ளேயே சூடு இடத்துக்கு இடம் மாறும். ஊற்று வாயிலிருந்து விலகி இருங்கள்.

• கல்லும் சுடும், வழுக்கும். இறப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

• முதல் நாள் ஐந்து நிமிடம். பிறகும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

• வயிறு நிறையச் சாப்பிட்டவுடனும் மது அருந்திய பின்னும் இறங்கவேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள்.

• தனியாக இறங்கவேண்டாம். தலையை நீருக்குள் அமிழ்த்தவேண்டாம்.

• எழும்பும்போது முதலில் விளிம்பில் இருந்து, ஓரிரு நிமிடம் பொறுத்து, பிடித்துக்கொண்டு எழும்புங்கள்.

• அறைக்குத் திரும்பியதும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டார் பார்த்துவிடுங்கள்.

சுட்டுவிட்டால்

உடனே, சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் பூசவேண்டாம். கொப்புளத்தை உடைக்கவேண்டாம். சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் எவ்வளவு சிறிய எரிகாயமானாலும் அன்றே காட்டவேண்டும்; நோ இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல. கிரேக்கத்தில் அவசர உதவிக்கு 112, அம்புலன்சுக்கு 166. பிரித்தானியாவில் வசிப்பவர்கள் ஜி.எச்.ஐ.சி. அட்டையை இலவசமாகப் பெற்று எடுத்துச் செல்லலாம். ஆனால் அது பயணக் காப்புறுதிக்கு ஈடாகாது. காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவையும் இதயநோயையும் மறைக்காமல் எழுதுங்கள்.

முடிவாக

இக்காரியாவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டு நோவோடு பல வருடம் வேலைசெய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், கதகதப்பான நீரில் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருப்பது நியாயமான ஆசைதான். அத்தானும் இந்த வருடம் திரும்பப் போகவேண்டும் என்கிறார். குளம் வேண்டாம், கரையில் நாற்காலி போடுவோம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அம்மா, அப்பா, மாமா, மாமி, நீரிழிவு உள்ள எவராயினும் காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். ஆறு விரல்களை மெதுவாகத் தொடுங்கள். பேரப்பிள்ளைகளே செய்யலாம். கூச்சப்பட்டு நான் விட்டதை நீங்கள் விடவேண்டாம்.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது; உங்கள் வைத்தியரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றல்ல. கேள்விகளைச் சங்கத்தின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.

நலமுடன் வாழ்க!

அன்புடன்,
உங்கள் குடும்ப வைத்தியர்